மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு ஏற்ற காதடைப்பான்

கொல்கத்தா நகரில் காலை முதல் நள்ளிரவு வரை மோட்டார் சைக்கிளின் மேலேயே பொழுதைக் கழித்துப் பிழைப்பு நடத்தும் பெரியதொரு தொழிலாளர் கூட்டம் கடந்த பத்தாண்டுக் காலத்தில் தோன்றியுள்ளது. கைப்பேசியில் வரும் கட்டளைக்கேற்ப உணவுப் பொட்டலங்களை வீடுதோறும் கொண்டு சேர்ப்போர், பின்னிருக்கையில் பிரயாணியை ஏற்றிச் செல்வோர், மருந்துக் கம்பெனிகளின் பிரதிநிதிகள், பாரபஜாரில் வசூலுக்கு அலையும் குமாஸ்தாக்கள் என அவர்கள் பலதிறப்பட்டவர்கள். சியாம்பஜாரின் ஐந்து முனைச் சந்திப்பிலிருந்து கரியா வரையிலும், சியால்தாவிலிருந்து சால்ட் லேக் வரையிலும் ஒரே நாளில் பன்முறை போய் வருவது இவர்களுக்குச் சாதாரணம். இவர்களுடைய தலையைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. 2016 ஜூலையில், தலைக்கவசம் அணியாது வருவோருக்குப் பெட்ரோல் வழங்கலாகாது என்று கொல்கத்தா போலீஸார் உத்தரவிட்டதும், நகரத்தார் சிறிது முணுமுணுத்தபின் அதற்குப் பழகிப் போனதும் பலருக்கு நினைவிருக்கும். 2021 ஜூன் முதல் இந்தியத் தர முத்திரை பெற்ற தலைக்கவசங்களை மட்டுமே நாட்டில் விற்கலாம் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. தலைக்குள் இருக்கும் செவியைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை.

மேனாடுகளில் நெடுந்தூரம் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் காதில் சிறு அடைப்பான்களைச் செருகிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். இந்நாட்டிலும் ‘இயர் பிளக்’ என்ற பெயரில் அவை மருந்துக் கடைகளிலும் தலைக்கவசக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எடுக்கும் முறையில்தான் பெரியதொரு பிழை நேர்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள ஒலிக் குறைப்பு எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்று எண்ணி வாங்குவோரே பெரும்பாலோர். காதில் உறுத்தாமல் இருப்பது ஒரு சொகுசு என்றும், பாதுகாப்பு வேறு, சௌகரியம் வேறு என்றும் அவர்கள் கருதுகின்றனர். ஒலியியற் கணக்கு இதற்கு நேர்மாறானதைக் கூறுகிறது. காதடைப்பானைப் பொறுத்தவரையில் சௌகரியமே பாதுகாப்பின் பெரும் பகுதி.

இதனை விளங்கிக்கொள்ள, ஓட்டுபவரின் காதிற்கு வந்து சேரும் ஒலி எத்தகையது என்பதை முதலிற் காண வேண்டும். ஒலியின் அளவு டெசிபெல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இது கடையில் அரிசி நிறுக்கும் படிக்கற்களைப் போன்றதன்று. டெசிபெல் கணக்கில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது; 10 கூடினால் பத்து மடங்காகிறது; 30 கூடினால் ஆயிரம் மடங்காகிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல் ஒலியைக் கேட்பதே செவி தாங்கத்தக்க எல்லை என்று அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதாவது 88 என்றால் 4 மணி. 94 என்றால் ஒரே மணி. 100 என்றால் கால் மணி. இந்தியத் தொழிற்சாலைகளுக்கு வகுக்கப்பட்ட எல்லை 8 மணி நேரத்திற்கு 90 டெசிபெல் என்பதாகும். அது சற்றுத் தாராளமான கணக்கே.

மோட்டார் சைக்கிளின் எஞ்சின்தான் காதைக் கெடுக்கிறது என்பது பொதுமக்களின் எண்ணம். இது பாதி உண்மைகூட அன்று. சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்பிக்கொண்டு செல்லும் இளைஞர்களை ஒதுக்கிவிட்டால், ஆலையிலிருந்து வெளிவரும் வண்டிகளின் இரைச்சலுக்கு விதிகளே ஓர் உச்ச வரம்பு கட்டியிருக்கின்றன. பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகூடச் சோதனையில் 80 டெசிபெலைத் தாண்டலாகாது. செவியைத் தாக்குவது வண்டி அன்று, காற்று. இங்கிலாந்தில் 1990-களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்கவசத்திற்குள், காதருகே சிறு ஒலிவாங்கிகளை வைத்து அளந்து பார்த்தனர். மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காற்றின் இரைச்சல் வண்டியின் இரைச்சலை விஞ்சிவிடுகிறது. 60 கிலோமீட்டரில் ஏறத்தாழ 90 டெசிபெலாக இருக்கும் அது, 160 கிலோமீட்டரில் 110 டெசிபெலை எட்டுகிறது. தலைக்கவசம் இதனைத் தடுப்பதற்குப் பதிலாக ஒருவகையில் உண்டாக்கவும் செய்கிறது. பாத் நகர ஆராய்ச்சியாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் நடத்திய சோதனைகளின் முடிவை 2011-இல் வெளியிட்டனர். முகவாய்க்குக் கீழே, கவசத்தின் விளிம்பிற்கும் கழுத்திற்கும் இடையேயுள்ள வெளியில் சுழலும் காற்றே இரைச்சலின் முக்கியத் தோற்றுவாய் என்பது அவர்கள் கண்டது. அந்த இடைவெளியைத் துணியால் அடைத்தால் இரைச்சல் ஓரளவு தணியும். மார்கழி மாதத்தில் மப்ளரைக் கழுத்தில் இறுகச் சுற்றிக்கொண்டு வண்டியேறும் வங்காளத்துக் குடும்பஸ்தர், தாம் அறியாமலே ஒலியியலுக்கு இணங்க நடந்துகொள்கிறார் என்று சொல்லலாம். சித்திரை வைகாசியில் அந்த மார்க்கமும் அடைபட்டுப் போகிறது.

கொல்கத்தாவின் நிலைமையோ இரு கூறாக உள்ளது. நகரத்துக்குள் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது அரிது. மௌலாலிச் சந்திப்பில் மாலை ஆறு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகம் வாய்த்தாலும் பெரிது. அங்கே காற்றைக் காட்டிலும் பஸ்களின் ஹாரனும் லாரிகளின் காற்று ஹாரனுமே செவிக்குப் பகை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வியாபாரப் பகுதிகளுக்குப் பகலில் 65 டெசிபெலையும், மருத்துவமனைகளைச் சூழ்ந்த அமைதி மண்டலங்களுக்கு 50 டெசிபெலையும் எல்லையாக வகுத்துள்ளன. பெருநகரங்களின் நெருக்கடி மிகுந்த சாலையில் நிற்கும் எவரும் அந்த எண்களைக் கேட்டுப் புன்னகை புரிவார். ஆனால் வித்யாசாகர் சேதுவைக் கடந்து கோனா நெடுஞ்சாலையைப் பிடித்ததும், அல்லது டான்குனியிலிருந்து பர்த்வான் நோக்கித் துர்காபூர் நெடுஞ்சாலையில் ஏறியதும், வேறோர் உலகம் தொடங்குகிறது. ஹாரன்கள் குறைகின்றன, காற்று பிடித்துக்கொள்கிறது. பர்த்வான் சுமார் 100 கிலோமீட்டர். கடற்கரைக்குப் போகும் இளைஞர் கூட்டம் விரும்பும் திகா அதைவிட வெகு தூரம். அங்கே இரண்டு மூன்று மணி நேரம் இடைவிடாது 95 டெசிபெலுக்குக் குறையாத ஒலி காதில் மோதுமானால், நாளொன்றுக்குரிய அளவைச் செவி பன்மடங்கு மீறிவிடுகிறது.

விளைவு உடனே தெரிவதில்லை; இதிலேதான் அபாயம். உட்செவியில் நத்தை ஓடு போன்று சுருண்ட குழலொன்று இருக்கிறது. அதில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிரணுக்கள் ஒவ்வொரு செவியிலும் சுமார் 15,000 மட்டுமே உண்டு. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. பேரொலியால் முதலில் சேதமடைவன 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய ஒலிகளை உணரும் அணுக்கள். ஆகவே தொடக்கத்தில் ஒலி குறைந்துவிட்டதாகத் தோன்றுவதில்லை. பேச்சின் கூர்மை மழுங்குகிறது. எதிரே இருப்பவர் பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை. வண்டியை விட்டு இறங்கிய பின்னும் காதில் வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசை சில மணி நேரம் நீடிப்பது முதல் எச்சரிக்கை. அது உறக்கத்தில் தணிந்துவிடுகிறது. மறுநாள் மறந்தும் போகிறது.

ஒலியை ஆராய்வதில் கொல்கத்தாவுக்கு ஒரு பெரிய மரபு உண்டு என்பதை இங்கே நினைவு கூர்வது பொருந்தும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர். சி. வி. ராமன், பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஒளிச் சிதறலுக்கு வருமுன் பல ஆண்டுகள் ஒலியையே ஆராய்ந்தார். மிருதங்கத்தின் தோல் எவ்வாறு இசையொலிகளைப் பிறப்பிக்கிறது என்பதைப் பற்றி அவரும் சிவகாளி குமாரும் 1920-இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அந்த நகரத்தின் தெருக்களிலேயே இன்று ஒலி ஒரு தொழில் நோய்க்குக் காரணமாகியிருக்கிறது.

தொழில் நோய் என்ற சொல் மிகையன்று. 1855-இல் ரிஷ்ராவில் முதற் சணல் ஆலை தோன்றியது முதல் ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் தறிகளின் ஓசை ஓய்ந்ததில்லை. அந்த நெசவுக் கூடங்களில் உழைத்தவர்கள் செவியையும் கூலியோடு சேர்த்தே செலவழித்தார்கள். பேரொலியால் நேரும் செவிட்டுத்தன்மையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை பின்னாளில் அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது; தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமும் அதனைச் சேர்த்துக்கொண்டது. ஆலைக்குச் சுவர் உண்டு, முதலாளி உண்டு, அளவு கருவியோடு வரும் இன்ஸ்பெக்டரும் உண்டு. சாலைக்கு இவை எதுவுமில்லை. கட்டளைக்கேற்ப ஓடும் இந்தத் தொழிலாளரை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தனியொரு வகையினராக வரையறுத்தது. எனினும் அவரது காதை அளப்பது யார் என்ற வினா வினாவாகவே நிற்கிறது.

ஆலைகள் கற்பித்த மற்றொரு பாடமும் உண்டு. காதடைப்பான் வழங்கப்பட்ட இடங்களில் அது தொழிலாளியின் சட்டைப் பையிலேயே பெரும்பாலும் குடியிருக்கும் என்பதை மேற்பார்வையாளர் யாவரும் அறிவர். உறுத்துகிறது, அரிக்கிறது, தன் குரலே தனக்குப் பானைக்குள்ளிருந்து கேட்பது போலிருக்கிறது என்று காரணங்கள் கூறப்படும். இவற்றைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடுவது நிர்வாகத்தின் வழக்கம். கணக்கைப் பார்த்தால் அவ்வாறு ஒதுக்க இயலாது.

30 டெசிபெல் ஒலியைக் குறைக்கும் அடைப்பான் ஒன்றை ஒருவர் 8 மணி நேரப் பிரயாணம் முழுவதும் அணிந்திருந்தால் அவருக்கு 30 டெசிபெல் பயனும் கிடைக்கும். அதில் 5 நிமிடம் மட்டும் கழற்றிவிட்டால், நாள் முழுவதற்குமாகக் கிடைக்கும் பயன் சுமார் 19 ஆகக் குறைகிறது. அரை மணி நேரம் கழற்றினால் 12. ஒரு மணி நேரம் கழற்றினால் 9. பாதி நேரம் கழற்றியிருந்தாலோ 3 டெசிபெல் மாத்திரமே. கழற்றிய நேரத்தில் செவியில் புகும் ஒலி ஆயிரம் மடங்கு வலியது. ஆகவே சிறிது நேரமே ஆயினும் அது மற்ற நேரத்தின் ஆதாயத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறது. இப்பொழுது 15 டெசிபெல் மட்டுமே குறைக்கும் மென்மையான அடைப்பான் ஒன்றை எடுத்துக்கொள்க. அது காதில் இருப்பதே தெரியாத காரணத்தால் ஓட்டுபவர் அதனைக் கழற்றவே இல்லையென்றால் 15 டெசிபெலும் அவருக்குக் கிட்டுகிறது. இரண்டையும் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால்கூட முதலாவதன் பயன் 9, இரண்டாவதன் பயன் 8. பெட்டியின் மேல் இரு மடங்காகத் தோன்றிய வேற்றுமை, கழற்றும் பழக்கத்தின் முன்னே ஒரே டெசிபெலாகச் சுருங்கிவிடுகிறது.

பெட்டியிலுள்ள எண்ணும் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர்கள் செருகிப் பார்த்துக் கண்டது. சாதாரண மனிதர் தாமே செருகிக்கொள்ளும்போது நுரையடைப்பானின் எண்ணில் பாதியையே நம்பலாம் என்று மேலே கூறிய அமெரிக்க நிலையமே ஆலோசனை கூறுகிறது. 33 என்று அச்சிட்டிருந்தால் 16 என்று கொள்வதே விவேகம்.

அளவுக்கு மீறிய அடைப்பும் வேண்டாதது. காதை அடைந்த பின் ஒலி 75 முதல் 80 டெசிபெல் அளவில் நிற்பது உத்தமம் என்றும், 70-க்குக் கீழ் இறங்குவது மிகைப் பாதுகாப்பு என்றும் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 95 டெசிபெல் காற்றிலிருந்து 15-ஐக் கழித்தால் 80. 30-ஐக் கழித்தால் 65. பின்னதில் ஓட்டுபவர் கிணற்றுக்குள் அமர்ந்திருப்பது போல் உணர்ந்து அடைப்பானைப் பிடுங்கி எறிவார். சற்றே குறைந்த அடைப்புத்தான் அவருக்கு உகந்தது.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகையின. மெழுகும் பஞ்சும் கலந்த அடைப்பானை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்னும் மருந்து வியாபாரி விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாலுமிகளின் காதை மெழுகால் அடைத்த கிரேக்கக் காவியக் கதையே அவருக்குத் தூண்டுதல் என்பர். உறக்கத்திற்கு அது நன்று. கொல்கத்தாவின் வெயிலில் வண்டி ஓட்டுவதற்கு ஏற்றதன்று. வெறும் பஞ்சு இந்த வகையிற் சேராது. குளிர்காலத்தில் காதிற் பஞ்சை வைத்து அதன்மேல் குரங்குக் குல்லாயையும் மாட்டிக்கொள்வோர் குளிரினின்று தப்பலாம், ஒலியினின்று தப்புவதில்லை.

இரண்டாவது, 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நுரை அடைப்பான். அமுக்கினால் சுருங்கி, காதுக்குள் மெல்ல விரியும் இது விலை மலிவானது. ஒரு ஜோடியின் விலை தேநீர் சிற்றுண்டிச் செலவைத் தாண்டாது. நெடுஞ்சாலைப் பிரயாணத்திற்கு இதைவிடச் சிறந்தது எளிதிற் கிடைப்பதில்லை. ஆனால் இதனைச் செருகுவதற்கு ஒரு முறை உண்டு. கையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். சங்கிலி எண்ணெயும் தெருப் புழுதியும் படிந்த விரலால் உருட்டிய நுரை நோயைக் காதுக்குள் கொண்டு செல்லும். மடிப்பு விழாதவாறு மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துச் செருகி, அரை நிமிடம் விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். காதுக்குழாய் நேரானதன்று, மடலை இழுக்கும்போதுதான் அதன் வளைவு நிமிர்கிறது. பலர் மடலை இழுப்பதுமில்லை, அரை நிமிடம் பொறுப்பதுமில்லை. நுரை வாயிலிலேயே விரிந்து நிற்கிறது. உறுத்துகிறது, ஆனால் அடைப்பதில்லை. தன் குரல் பானைக்குள் ஒலிப்பதுபோல் தோன்றுவதும் ஆழம் போதாத அடைப்பாலேயே அதிகமாகிறது. செருகிய பின் இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பார்த்தால், ஒலி மேலும் வெகுவாகக் குறையுமானால் அடைப்பு சரியில்லை என்று பொருள்.

மூன்றாவது, சிலிகோன் ரப்பரில் குடை குடையாக வார்க்கப்பட்டது. இவற்றுட் சிலவற்றின் நடுவில் நுண்ணிய துளையும் வடிகட்டியும் உண்டு. எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே சீராகக் குறைப்பதால் பேச்சும் ஹாரனும் தெளிவாகவே கேட்கின்றன. நகருக்குள் பகல் முழுதும் ஓட்டுவோருக்கு இந்த வகையே பொருத்தம் எனத் தோன்றுகிறது. சோப்பு நீரில் கழுவி உலர்த்தி நெடுநாள் உபயோகிக்கலாம் என்பது மற்றொரு நன்மை. நான்காவது, காதுக்குழாயின் அச்சையே எடுத்து ஒவ்வொருவருக்கும் தனியே வார்ப்பது. சௌகரியத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் உணவுப் பொட்டலம் சுமப்பவரின் வருமானத்துக்கு அது எட்டாது.

வகை எதுவாயினும், கடைக்காரர் கொடுக்கும் ஒரே அளவை வாங்கிக்கொண்டு வருவது கூடாது. காதுக்குழாயின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பொதுவாகக் குறுகலாக இருக்கும். ஒருவரின் இடக்காதும் வலக்காதும்கூட ஒத்திருப்பதில்லை. சிறிய அளவு ஒரு காதுக்கும் நடுத்தர அளவு மறு காதுக்கும் பொருந்துமானால் அதில் விந்தை ஒன்றுமில்லை. தலைக்கவசம் அணிவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடைப்பானின் காம்பு காதுக்கு வெளியே நீண்டிருந்தால், கவசத்தின் உட்புறத் துணி அதில் உராய்ந்து, மாட்டும்போதே அதனைச் சாய்த்துவிடும். பிறகு பிரயாணம் முழுதும் ஒரு முள் குத்துவது போலிருக்கும். காது மடலின் குழிவோடு சமமாக அமரும் குட்டையான அடைப்பானே வேண்டும். கடையிலேயே கவசத்தோடு சேர்த்து அணிந்து, தலையைப் பலமுறை திருப்பிப் பார்த்து வாங்குவது நலம். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவம் மாறுவதால் அடைப்பான் மெல்ல நெகிழும். வாயில் பான் அடக்கியபடியே வண்டி ஓட்டும் கொல்கத்தாவாசிகள் நாழிகைக்கு ஒருமுறை அதனைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

வங்காளத்தின் சீதோஷ்ண நிலையை மேனாட்டு நூல்கள் கணக்கில் கொள்வதில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை வியர்வை காதுக்குள் வழிந்து நிற்கும்; ஈரமும் உஷ்ணமும் சேர்ந்தால் காதுப் பூஞ்சை நோய்க்கு வேறு உரம் வேண்டியதில்லை. இந்த மாதங்களில் நுரையடைப்பானை நாள்தோறும் மாற்றிவிட வேண்டும். சிலிகோன் அடைப்பானைக் கழுவிய பின் முற்றிலும் உலராமல் அணியலாகாது. சிக்னலிலும் ஓய்விலும் காதுக்குச் சிறிது காற்றுப் படவிடலாம், ஆனால் அது இரைச்சலற்ற இடமாக இருக்க வேண்டும். காதிற் சீழ் வடிவோரும் செவிப்பறையில் துளையுள்ளோரும் டாக்டரைக் கேளாமல் எதையும் செருகுதல் கூடாது. குறும்பி மிகுந்தவர்கள் முதலில் அதனை மருத்துவரிடம் அகற்றிக்கொள்ள வேண்டும்; தெருவோரத்தில் ஊசியும் பஞ்சுமாக அமர்ந்திருக்கும் காது சுத்தம் செய்பவரிடம் தலையைச் சாய்ப்பது இதற்கு வழியன்று.

காதடைப்பானுக்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. ஒலியை அதன் பிறப்பிடத்திலேயே அடக்குவதை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவனின் காதை அடைப்பது நீதியாகுமா என்பது ஒன்று. கேட்க விரும்பாதவனைக் கேட்கும்படி வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை என்ற அடிப்படையில், ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி 1996 ஏப்ரலில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி பிறப்பித்த உத்தரவு இந்த நகரத்திலேதான் பிறந்தது. அந்த வழியிற் காற்று ஹாரன்களையும் திருத்தப்பட்ட சைலன்ஸர்களையும் ஒடுக்க வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆனால் நெடுஞ்சாலைக் காற்றின்மீது வழக்குத் தொடர இயலாது. அதற்குக் காதடைப்பானே கதி.

மற்றொரு வாதம், பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேளாமல் போய்விடுமே என்பது. வேகமாகச் செல்லும்போது இந்த அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. அடைப்பான் காற்றின் இரைச்சலையும் ஹாரனையும் சேர்த்தே குறைக்கிறது. ஒன்றுக்கொன்றுள்ள விகிதம் மாறுவதில்லை. வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தவருக்குப் பாதை மறைந்துவிடுவதில்லை அல்லவா? மெதுவாக ஊரும் சந்துகளில் வெளி ஒலி ஏற்கெனவே குறைவாயிருப்பதால், கனத்த நுரையடைப்பான் அங்கே இடையூறாகலாம். முன்பே செவித்திறன் மழுங்கியவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. நகரத்துக்கு வடிகட்டி கொண்ட இலேசான அடைப்பான் என்று மேலே குறித்ததன் காரணம் இதுவே.

இவ்விஷயத்தில் அரசாங்க நிலையங்கள் செய்யக்கூடியது அதிகம். செவிக்காப்புச் சாதனங்களுக்கு ஐ.எஸ். 9167 என்னும் இந்தியத் தரம் 1979 முதலே இருக்கிறது. அது தொழிற்சாலையை நினைத்து எழுந்தது. தலைக்கவசத்துக்கடியில் அணிவதற்கு வேண்டிய குட்டை உருவம், பல அளவுகள், வியர்வை தாங்கும் தன்மை ஆகியவற்றையும் தர நிர்ணயத்தில் இடம்பெறச் செய்யலாம். கொல்கத்தாவிலேயே மத்திய அரசாங்கத்தின் வட்டாரத் தொழிலாளர் நிலையமும், பொன்ஹூக்ளியில் அலி யாவர் ஜங் நிலையத்தின் கிளையும் உள்ளன. ஓட்டுபவர் ஒருவரின் காதில் ஒரு நாளில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்பதை அளப்பதற்கு இந்த நிலையங்களைவிடத் தகுந்தவை வேறில்லை. கட்டளை அனுப்பித் தொழிலாளரை ஓடவைக்கும் கம்பெனிகள், பெயர் பொறித்த சட்டையும் பையும் வழங்குவதைப்போல, மூன்று அளவுகளில் அடைப்பான்களையும் வழங்கும்படி கேட்கப்படலாம்.

போலீஸாரிடமிருந்து வேண்டியது ஒரு தெளிவான சுற்றறிக்கை. வண்டி ஓட்டும்போது பாட்டும் பேச்சும் கேட்பதற்கென்று காதில் ஒலிக்கருவி மாட்டுவது கண்டிக்கத்தக்கது. ஒலி எழுப்பாத வெறும் அடைப்பானும் தூரத்திலிருந்து பார்க்க அதுபோலவே தோன்றுவதால், காப்புக்காக அணிந்தவரும் சந்திப்பில் நிறுத்தப்பட நேரலாம். காதுகளை மூடும் கருவிகளைத் தடுக்கும் கலிபோர்னியா மாகாணச் சட்டம், ஹாரனும் சைரனும் கேட்கும்படி அமைந்த செவிக்காப்புச் சாதனங்களுக்கு விலக்களித்திருக்கிறது. அத்தகைய வேறுபாட்டை இங்கும் எழுத்தில் வகுத்துவிட்டால் தொல்லை தீரும். மேலும், நாள் முழுதும் சந்திப்புகளின் நடுவே நிற்கும் போக்குவரத்து சார்ஜெண்டுகளைவிட இச்சாதனம் அதிகம் தேவைப்படுவோர் எவர்? மலிவு விலைப்புள்ளிக்கும் பெரிய எண்ணுக்கும் மயங்கி ஒரே வகையை மூட்டை மூட்டையாக வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று வகைகளை அவர்களுக்கே வழங்கிப் பார்க்கலாம். ஒரு வைகாசி மாதம் கழித்து, எந்த வகை காதில் இருந்தது, எந்த வகை சட்டைப் பையில் இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பின் கொள்முதல் உத்தரவில் கையெழுத்திட்டால் போதும்.